நீ எழுதாமல் விட்ட இரண்டு ரீடிங்

மகனே,

'அன்புள்ள' என்று ஆரம்பிக்கத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. அன்பு எங்கேயும் போய்விடவில்லை, ஆனால் இன்றைக்கு அதற்கு முன்னால் கோபம் வந்து உட்கார்ந்துகொண்டிருக்கிறது. நீ விமானம் ஏறி இரண்டு நாள் ஆகிறது. உன் நிச்சயதார்த்தத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் போய்விட்டார்கள். பந்தல்காரர் வந்து கொட்டகையைப் பிரித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதிர்வரிசை வீடுகளில் தறிச் சத்தம் காலையிலேயே ஆரம்பித்துவிட்டது. ஊர் பழையபடி ஆகிவிட்டது, நான் ஆகவில்லை. போனில் பேசலாம் என்றால் நான் இரண்டு வார்த்தை பேசுவதற்குள் "அம்மா, மீட்டிங்" என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். எங்கேயாவது ஒரு இடத்தில் உட்கார்ந்து கடைசிவரை படி.

விஷயத்தைச் சுற்றிவளைக்க எனக்குத் தெரியாது. நீ செய்த சோதனையில் மூன்று ரீடிங் எடுத்து, உனக்குப் பிடித்த ஒன்றை மட்டும் கட்டுரையில் எழுதி, மற்ற இரண்டையும் மறைத்துவிட்டாய். அந்தக் கட்டுரையை நம்பி ஒரு பெண் தன் படிப்பையே தொடங்கியிருக்கிறாள். அவளிடமும் சொல்லவில்லை, உன் ஆராய்ச்சிக் கைடிடமும் சொல்லவில்லை. நீ சொல்லவேண்டும். அதற்குத்தான் இந்தக் கடிதம். இதை நான் ஒட்டி வைத்து ரகசியமாகவும் அனுப்பவில்லை. உன் நைனா படித்த பிறகுதான் அனுப்புவேன். சங்கீதாவுக்கும் ஒரு பிரதி எடுத்து வைப்பேன். உன்னைக் கட்டிக்கொள்ளப் போகிறவள், தெரிந்தே கட்டிக்கொள்ளட்டும். நான் கொடுக்கக்கூடாது என்றால் நீயே முந்திக்கொண்டு அவளிடம் சொல்லிவிடு.

முதலில் அந்த பேனரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என் வயிறு வெடித்துவிடும். தெள்ளாரிலிருந்து சம்பந்தி மினி லாரியில் போட்டுக் கொண்டுவந்து சேத்துப்பட்டு மண்டப வாசலில் கட்டினாரே, அதுதான். ஆளுயரத்துக்கு உன் தலை. தலையைச் சுற்றி மூன்று வளையம், வளையத்துக்கு ஒன்றாகப் பச்சை உருண்டை. கீழே, 'பறக்கும் எலக்ட்ரானைப் பிடித்த எங்கள் வீட்டு மாப்பிள்ளையே வருக'. அதற்கும் கீழே சம்பந்தியின் அண்ணன் தம்பி ஒன்பது பேர், கூலிங்கிளாஸ் போட்ட போட்டோ. எலக்ட்ரானைப் பிடித்தது அவர்கள் ஒன்பது பேரும் சேர்ந்துதான் போல. எனக்குச் சிரிப்பும் வந்தது, பெருமையும் வந்தது, அதை ஒளிப்பானேன்? அதே தெள்ளார்ப் பக்கத்தில் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டுப் பிழைத்த குடும்பம் என்னுடையது. அந்த ஊர்க்காரர்கள் என் பிள்ளை முகத்தைத் துணியில் அடித்துத் தூக்கிக் கட்டுகிறார்கள். நான் நின்று நின்று பார்த்தேன். நீ மட்டும் அதன் பக்கம் திரும்பவே இல்லை. "இதெல்லாம் ஏம்மா" என்று முகத்தைச் சுளித்தாய். கூச்சம் என்று நினைத்தேன். பெற்றவளுக்கே பிள்ளையின் முகம் படிக்கத் தெரியவில்லை.

மறுநாள் மதியம் உன் நைனா மாவு மில்லைப் பூட்டிவிட்டுச் சாப்பிட வந்தார். முகத்தில் பாதி மாவு. தட்டின்முன் உட்கார்ந்ததுமே, "ஏம்பா, அந்த எலக்ட்ரான இன்னாதான் பண்றீங்க? ஊரே கேக்குது, எனுக்கு சொல்லத் தெரில" என்றார். நீயும் நன்றாகத்தான் சொன்னாய். நீ பேசியதெல்லாம் எனக்கு அப்படியே காதில் இருக்கிறது.

"நைனா, ஒலகத்துல முக்காவாசிப் பேரு க்வாண்டம் கம்ப்யூட்டர் எப்படி கட்றாங்கன்னா, க்யூபிட்டுன்னு கணக்கு போட்ற துண்ட ஒரு எடத்துல குந்த வெச்சி கட்றாங்க. அதது அதது எடத்துல குந்தினு இருக்கும். ஒவ்வொண்ணுத்துக்கும் தனி வயரு, தனி கண்ட்ரோலு. பத்துன்னா பரவால்ல. லட்சம் வேணும்னா? வயர் வெக்கவே எடம் இருக்காது. நாங்க பண்றது பறக்கிற க்யூபிட்டு. ஒரேயொரு எலக்ட்ரான பாதையில ஓட வுடுவோம். பக்கத்து பக்கத்துல ரெண்டு பாதை. இந்தாண்ட பாதையில போனா பூஜ்யம், அந்தாண்ட பாதையில போனா ஒண்ணு. ரெண்டுலயும் சேந்தாப்லயும் போவும், அதான் விசேஷம்."

"ஒருத்தன் எப்படிப்பா ஒரே நேரத்துல ரெண்டு தெருவுல போவான்?"

"போவான் நைனா. எவனும் பாக்காத வரைக்கும் போவான்."

"அப்ப அவன் ஓட்டு கேக்க வர்றவன்தான்" என்று நைனா சொல்ல, நீ சிரித்தாய். நீ வந்து இறங்கியதிலிருந்து அன்றைக்குத்தான் உன் சிரிப்பைப் பார்த்தேன். பிறகு சொன்னாய்: "வழியில ரயில்வே கேட்டு மாதிரி இருக்கும். ஒரு எலக்ட்ரான் அதத் தாண்டிப் போச்சுன்னா, பின்னாலயே வர்ற அடுத்த எலக்ட்ரானுக்கும் அதே கேட்டுதான். ஒரே பாதை, ஒரே கேட்டு, எத்தினி வேணா ஓட்டலாம். உன் மெஷினு மாதிரிதான் நைனா. ஊட்டுக்கு ஊடு மாவு மெஷினா வெச்சிருக்காங்க? உன் ஒரு மெஷினுக்குத்தான எல்லாரும் தூக்கினு வர்றாங்க? எங்க சிப்பு பெருசாவ வேண்டிதில்ல, ஓட்டம்தான் பெருசாவும். ஒரு செகண்ட லட்சம் கோடியா கூறு போட்டா, அதுல கொஞ்சம் கூறுதான் ஒரு எலக்ட்ரானுக்கு. அடுத்தது உடனே கெளம்பிடலாம்."

உன் நைனாவுக்கு முகமெல்லாம் பல். மகன் தன் மில்லை உதாரணம் காட்டிவிட்டான் அல்லவா. அவர் ஒன்றும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை, தொழில் தெரிந்தவர் கேட்கிற சாதாரணக் கேள்வியைத்தான் கேட்டார்: "அப்ப மொளகா அரைச்ச பின்னால கோதும போட்டா காரம் ஏறுமேப்பா? நான் ரெண்டு பிடி நொய்ய வுட்டு ஓட்டி, அதத் தூக்கிப் போட்டுட்டுதான் அடுத்தவங்களுது போடுவேன். நீங்க அதுக்கு இன்னா பண்றீங்க?"

நீ சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாய். வாய்க்கு எடுத்துப் போகவில்லை. "அதெல்லாம் பாத்துக்குவாங்க நைனா" என்றாய். 'பார்த்துக்குவோம்' இல்லை, 'பார்த்துக்குவாங்க'. பாதித் தட்டோடு எழுந்து கை கழுவிவிட்டாய். உனக்குப் பிடிக்குமே என்று வைத்த முருங்கைக்காய்ச் சாம்பார் அப்படியே கிடந்தது.

அடுத்த நாள் காலை, நான் சின்ன வெங்காயம் உரிக்க உட்கார்ந்தபோது நீயும் வந்து ஒரு முறத்தை இழுத்துவைத்துக்கொண்டாய். பத்து வெங்காயம் உரித்திருப்பாய். "நைனா கேட்டாரு பாரும்மா, காரம் ஏறாதான்னு, அதான் எங்களுக்கும் பிரச்சன" என்று ஆரம்பித்தாய். எனக்குப் புரிந்த மட்டும் திருப்பி எழுதுகிறேன், தப்பிருந்தால் திருத்திக்கொள். எலக்ட்ரான் இரண்டு பாதையிலும் சேர்ந்து போய் மறுபடி ஒன்றுகூடினால், கடைசியில் நீங்கள் அளக்கிற கரண்ட் ஏறி இறங்கி, ஏறி இறங்கி வரும். இரண்டு பாதையிலும் போனது என்பதற்கு அந்த ஏற்ற இறக்கம்தான் சாட்சி. சாட்சி நிஜமா பொய்யா என்று தெரிய ஒரு வழி உண்டு. ஒரு பாதையை அடைத்துவிட்டுப் பார்க்கவேண்டும். ஒற்றைப் பாதையில் போகிறதற்கு ஏற்ற இறக்கம் இருக்கக்கூடாது. அடைத்த பிறகும் இருந்தால் அது எலக்ட்ரானின் வேலையே இல்லை. எலக்ட்ரானைக் கிளப்பிவிட நீங்கள் அனுப்புகிற மின்துடிப்பு வயருக்கு வயர் கசிந்து, அளக்கிற இடத்துக்கே வந்து ஆட்டம் காட்டுகிறது. நீ மூன்று தடவை அடைத்துப் பார்த்தாய். ஒரு தடவை அடங்கியது. இரண்டு தடவை அடங்கவில்லை. கட்டுரையில் 'பாதையை அடைத்ததும் அடங்கிவிட்டது' என்று எழுதி, அந்த ஒரு தடவையின் படத்தைப் போட்டாய்.

"மத்த ரெண்டும்?" என்று கேட்டேன்.

"கம்ப்யூட்டர்ல கீது. அந்த ரெண்டு நாளும் கனெக்‌ஷன் ஏதோ சரியில்லன்னு நெனச்சிகினேன்."

"நெனச்சிகினியா, பாத்தியா?"

"பாக்கலம்மா. டைம் இல்ல. கட்டுரைய அனுப்பணும். எனக்கு காண்ட்ராக்ட் முடியப் போவுது, இது வந்தாதான் நீட்டிப்பாங்க. பொய்யா ஒண்ணும் எழுதலம்மா. ரெண்ட எழுதல, அவ்ளோதான். எல்லாரும் நல்லா வந்தத தான் போடுவாங்க."

எல்லாரும்! இந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எல்லாரும் என்பவன் யார், அவன் பெயர் என்ன, அவன் வந்து உன் கட்டுரையில் கையெழுத்துப் போட்டானா? அதற்குப் பிறகுதான் அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னாய். புதிதாகச் சேர்ந்திருக்கிறாள், உன் கட்டுரையிலுள்ள அமைப்பை அப்படியே வைத்து அடுத்த சிப்பை வரைகிறாள், இரண்டு பாதை இல்லை, எட்டுப் பாதை. அதுதான் அவள் பட்டத்துக்கான வேலை, மூன்று வருஷம். தினமும் காலையில் வந்து உன்னிடம் சந்தேகம் கேட்கிறாள். நீயும் பதில் சொல்கிறாய். இரண்டு பாதையிலேயே கசிகிறது என்று தெரிந்தவன் எட்டுப் பாதைக்கு யோசனை சொல்லிக்கொண்டிருக்கிறாய்! "அது பாவமில்லியாடா?" என்று கேட்டேன். அப்போது நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். "நீதானம்மா கத்துக்குடுத்த. பிராக்டிகல்ல எனக்கு சீட்டு வெச்சியே, மறந்துட்டியா?" என்றாய்.

நான் முறத்தை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டேன். நீ ஊருக்குக் கிளம்பும்போது காலில் விழுந்தாயே, அப்போதும் நான் வாயைத் திறந்து ஆசீர்வாதம் பண்ணவில்லை, நெற்றியில் விபூதி வைத்ததோடு சரி. நீ கவனித்தாயா இல்லையா தெரியாது. நைனா கவனித்தார்.

பதிலை இப்போது எழுதுகிறேன். மறக்கவில்லை. சங்கீதாவும் படிக்கப்போவதால் முதலிலிருந்தே சொல்கிறேன். நான் அரசுப் பள்ளியில் இயற்பியல் லேப் அசிஸ்டென்டாக இருந்தவள். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, வருஷக்கணக்கில் காத்திருந்து கிடைத்த வேலை. நான் படித்த பள்ளிக்கூடத்தில் லேப் என்ற அறையே கிடையாது. துடைத்துத் துடைத்தே ஒவ்வொரு கருவியையும் கற்றுக்கொண்டேன். பிளஸ் டூ செய்முறைத் தேர்வில் ஒரு மேஜையில் டேன்ஜென்ட் கால்வனாமீட்டர் வைப்போம். வட்டமான கம்பிச் சுருள், நடுவில் காந்த ஊசி. கரண்ட் விட்டு ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்து, பூமியின் காந்தப் புலம் இவ்வளவு என்று கணக்குப் போடவேண்டும். அந்த மேஜைக்குப் பின்னால் ஒரு இரும்பு பீரோ வந்தது. பெரிய பீரோ, வைக்க வேறு இடம் இல்லை என்று அங்கே வைத்தார்கள். அந்த வருஷத்திலிருந்து ஊசி கோணல். எந்தப் பிள்ளை எடுத்தாலும் புத்தகத்திலுள்ள விடை வராது.

நான் என்ன செய்திருக்கவேண்டும்? பீரோவைத் தள்ளுங்கள் என்று சொல்லியிருக்கவேண்டும். சொன்னால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பார்கள். எழுதிக் கொடு என்பார்கள். நான் எழுத்தில் மாட்டிக்கொள்ளப் பயந்தவள். அதற்குப் பதிலாக, சரியான விடை வருகிற மாதிரி நாலு ரீடிங்கைக் கணக்குப் போட்டு ஒரு சீட்டில் எழுதி, கரண்டைக் கூட்டிக் குறைக்கிற ரியோஸ்டாட்டுக்கு அடியில் வைத்துவிட்டேன். அந்த மேஜை விழுகிற பிள்ளையிடம், "அடியில பாத்துக்கோ கண்ணு" என்பேன். தறிக்காரர் வீட்டுப் பெண், கூலிக்காரர் வீட்டுப் பையன், கவர்மென்ட் கருவி கோணலாக இருந்தால் அதுகள் ஏன் மார்க்கை இழக்கவேண்டும்? இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். என் பயத்துக்கு ஏழைப்பிள்ளை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

பீரோ வந்து இரண்டு வருஷம் கழித்து, அதே பள்ளியில் படித்த உனக்குத் தேர்வு. சீட்டுக் குலுக்கியதில் அதே மேஜை உனக்கு. ரியோஸ்டாட்டுக்கு அடியில் நான் வைத்த சீட்டை நீ தொடவில்லை. நீயாகவே ரீடிங் எடுத்து பென்சிலால் எழுதிக்கொண்டிருந்தாய். வேறொரு பிள்ளைக்கு ஒயர் எடுத்துக் கொடுக்க நான் பீரோ கதவைத் திறந்தேன். நீ தலையைத் தூக்கினாய். "அம்மா, அந்தக் கதவ இன்னொரு தபா தொற" என்றாய். திறந்தேன், ஊசி நகர்ந்தது. மூடினேன், திரும்பி வந்தது. உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்! "அம்மா, இது பூமிய காட்டலம்மா, பீரோவ காட்டுது" என்றாய். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் திரும்பிப் பார்த்தார். நான் உன் காதோரம் குனிந்து, "வாய மூடிகினு அடியில இருக்கறத பாத்து எழுது" என்றேன். உன் ரப்பரை எடுத்து உன் பென்சில் எழுத்தை நானே அழித்தேன். நீ ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தாய். பிறகு சீட்டைப் பார்த்து எழுதினாய். முழு மார்க். அந்த லேபில் நான் வேலை பார்த்த அத்தனை வருஷத்திலும் நிஜமான இயற்பியலை ஒருவன்தான் செய்தான், அவன் என் பிள்ளை, அதை அழித்தவள் நான்.

ஆமாம், நான்தான் கற்றுக்கொடுத்தேன். போதுமா? இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பன்னிரண்டு வருஷமும், உன் ஒரு சிரிப்பும் தேவைப்பட்டது. ஆனால் ஒன்று கேட்டுக்கொள். என் தப்பைத் தூக்கிக்கொண்டு போய் உன் தப்புக்குக் குடையாகப் பிடிக்காதே. உனக்கு அப்போது பதினேழு வயது, எதிரில் நின்று அதட்டியது பெற்ற தாய். இன்றைக்கு முப்பதை நெருங்குகிறாய். உன் பின்னால் யார் நின்று அதட்டினார்கள்? யார் ரப்பரை எடுத்தார்கள்? நீயே ஊசி, நீயே சீட்டு, நீயே ரப்பர். பதினேழு வயதில் பீரோவைக் கண்டுபிடித்தவனுக்கு, வயருக்கு வயர் கசிகிறதைக் கண்டுபிடிக்கவா நேரமில்லை? நேரமில்லை என்று சொல்லாதே, தைரியமில்லை என்று சொல். அதையாவது நான் புரிந்துகொள்வேன், எனக்கும் இல்லாமல்தான் இருந்தது.

உன் நைனா எட்டாவதோடு நின்றவர். நீ கைக்குழந்தையாக இருந்தபோது நடந்ததைச் சொல்கிறேன், உனக்குத் தெரியாது. கரண்ட் போகிற நேரம், மில்லில் கூட்டம். மிளகாய் அரைத்த கையோடு, நொய் விட்டு ஓட்டாமல், சேவூர்க்கார அம்மா ஒருத்தியின் கேழ்வரகைக் கொட்டிவிட்டார். அந்த அம்மாள் தூக்கை எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறிப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அவருக்கு உறைத்தது. அது பிள்ளைக்குக் கூழ் காய்ச்சக் கொண்டுவந்த கேழ்வரகு. மில்லை அப்படியே போட்டுவிட்டு சைக்கிளில் சேவூர் போனார். வீடு தெரியாது. தெருத் தெருவாக, "இன்னிக்கு மில்லுல கேவுரு அரச்சது யாரும்மா" என்று கேட்டுக்கொண்டு போயிருக்கிறார். அடுப்பில் உலை வைத்திருந்தாளாம். "கண்ணு அவிஞ்சா பூட்ச்சி உனுக்கு?" என்று நடுத்தெருவில் வைத்துக் கிழித்துவிட்டாள். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டு வந்தார். வந்து என்னிடம், "நல்ல வேள, இன்னும் கூழு காச்சல" என்று மட்டும் சொன்னார். திட்டு வாங்கியதைப் பற்றி அவருக்கு ஒரு வருத்தமும் இல்லை. இப்போது சொல், அந்தப் பெண் வரைகிற எட்டுப் பாதைச் சிப் இன்னும் அடுப்பில் ஏறவில்லைதானே?

இன்னொன்றும் நடந்தது. நேற்று நான் பள்ளிக்கூடம் போனேன். ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் கழித்து அந்த லேபுக்குள் கால் வைத்தேன். பீரோ அதே இடத்தில் நிற்கிறது. எனக்குப் பிறகு வேலைக்கு வந்த பெண் நல்ல பெண், டீ வாங்கிக் கொடுத்தாள். பேச்சோடு பேச்சாக பீரோ கதவைத் திறந்து காட்டினாள். உள்பக்கம் செல்லோடேப் போட்டு ஒட்டியிருக்கிறது, என் சீட்டு. என் கையெழுத்து, என் நாலு ரீடிங். "நீங்க வெச்சிட்டுப் போனதுதாங்கம்மா எங்கள காப்பாத்துது" என்றாள். எனக்கு அங்கேயே தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது. பதினான்கு வருஷமாக அந்தப் பிள்ளைகள் பீரோவை அளந்துவிட்டுப் பூமியை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். நான் சீட்டைக் கிழித்தேன். இயற்பியல் ஆசிரியரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், உன் எழுத்தை அழித்து, சீட்டைப் பார்த்து எழுதவைத்தது உட்பட. பக்கத்தில் நாலு பிள்ளைகள் நின்றிருந்தார்கள், அவர்களும் கேட்டார்கள். அவர், "வுடுங்கம்மா, எப்பவோ நடந்தது" என்றார். "எப்பவோ இல்ல சார், போன மாசம் வரைக்கும் நடந்துகினு இருக்குது" என்றேன். அந்த நாலு பிள்ளைகளும் நானும் அவருமாகச் சேர்ந்து பீரோவை இழுத்து வராந்தாப் பக்கம் கொண்டுபோனோம். ஐந்து நிமிஷ வேலை. ஐந்தே நிமிஷம்! பதினான்கு வருஷமாக நான் பயந்தது இதற்குத்தான். கை மூட்டு இன்னும் வலிக்கிறது, கையெழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்திருப்பாய்.

நீ விட்டுவிட்ட இரண்டு ரீடிங்கும் இப்படித்தான் போகும். நீ எழுதவில்லை என்பதால் அவை இல்லாமல் போய்விடாது. நீ அந்த ஊரைவிட்டே வந்த பிறகும், உன் கட்டுரையைப் படித்துவிட்டு எவனாவது எட்டை எண்பது ஆக்குவான். ஒவ்வொருவனும் தன் ஆட்டத்தைப் பார்த்து எலக்ட்ரான் என்று எழுதுவான். அத்தனை பெரிய வேலை, உலகத்தில் எவ்வளவோ பேர் நம்பி இறங்கியிருக்கிற வேலை, நிஜமாகவே நடக்கக்கூடிய வேலை என்று நீதான் கண்ணில் ஒளியோடு நைனாவிடம் சொன்னாய். நடக்கக்கூடியதை நீ ஏன் கெடுக்கிறாய்? ஒரு தடவை அடங்கியது அல்லவா? அன்றைக்கு என்ன வேறாக இருந்தது என்று தேடு. அது தெரிந்தால் கசிவை அடைக்கவும் வழி தெரியும். எனக்கே தோன்றுகிறது, உனக்குத் தோன்றாமலா இருக்கும்? மூன்றையும் சேர்த்து வைத்தால்தான் அது சோதனை. ஒன்றை மட்டும் எடுத்து வைத்தால் அது சம்பந்தி கட்டிய பேனர்.

ஆகவே செய். முதலில் அந்தப் பெண்ணிடம் சொல். கைடிடம் போவதற்கு முன்னால் அவளிடம் சொல், ஏனென்றால் வரைந்துகொண்டிருப்பது அவள் கை. அவள் கோபப்பட்டால் பட்டுக்கொள், அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. அதற்குப் பிறகு கைடு. அதற்குப் பிறகு கட்டுரையை அனுப்பிய இடத்துக்கு எழுதித் திரும்ப வாங்கு. வேலை போகலாம். போகாது என்று நான் உனக்குப் பொய்த் தைரியம் கொடுக்கமாட்டேன். சம்பந்தி வீட்டில் முகம் கோணலாம், அந்த ஒன்பது பேரும் ஒன்பது விதமாகப் பேசலாம். பேசட்டும். சங்கீதா என்ன சொல்வாள் என்று எனக்குத் தெரியாது, அது உன் பாடு அவள் பாடு. வேலை இல்லாமல் நீ வந்து இறங்கினால் வாசலில் நின்று உன்னைத் திட்டமாட்டேன். இப்போது இருக்கிறபடி வேலையோடு வந்து இறங்கினால்தான் திட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல நீ போன் பண்ணுவாய். நான் எடுக்கமாட்டேன். நைனாவையும் எடுக்கக்கூடாது என்று சொல்லியிருக்கிறேன். அவர் தலையாட்டினார், ஆனால் அவரை நம்ப முடியாது, பிள்ளைப் பாசம் பிடித்த மனுஷன். அதனால் அவர் போனையும் என் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளப் போகிறேன். அடித்துக்கொண்டே இருக்கும், தெரியும். உடம்பு சரியில்லையோ, சாப்பிட்டானோ என்று எனக்குக் கை துடிக்கும், அதுவும் தெரியும். நீ பிறந்ததிலிருந்து உன்னோடு பேசாமல் நான் ஒரு வாரம் இருந்ததில்லை. உனக்குத் தண்டனை என்று நினைத்துக்கொள்ளாதே, இது எனக்கும் சேர்த்துத்தான். அந்தப் பெண்ணிடம் சொன்ன அன்றைக்கு எனக்கு ஒரே வார்த்தை அனுப்பு, 'சொல்லிட்டேன்' என்று. அடுத்த நிமிஷம் நானே கூப்பிடுவேன். ஜல்தி சொல்லுடா. எனக்கு உன்னோடு பேசாமல் இருக்கத் தெரியாது.

அம்மா